இருபத்தாறு வயதின் நிறைவாழ்வு

மரக்காணத்தில் ஒருவர் இறந்தால், டாக்டர் கையை விரித்த அரை மணி நேரத்தில் என்னிடம் ஆள் வந்துவிடும். ஈ.சி.ஆர் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருஷமாக டைப் அடிக்கிறேன். ஆதார் திருத்தம், முதியோர் பென்ஷன் மனு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் உண்டு என்றாலும் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்தான். நான் டிசைன் செய்து மெயிலில் அனுப்புவேன். திண்டிவனத்தில் அச்சாகி, சுருட்டின பாய் மாதிரி பஸ்ஸில் வந்து இறங்கும்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாரும் புதிதாக ஒன்றைச் செய்வதில்லை. துக்க வீட்டுக்காரர் எதிரில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து கலைநயம் காட்ட முடியாது. கடைசியாக இறந்தவரின் ஃபைலைத் திறப்பேன். போட்டோவை மாற்றுவேன், பெயரை மாற்றுவேன், தேதிகளை மாற்றுவேன், வேறு பெயரில் சேவ் செய்வேன். இந்துக்களுக்கு ஒரு ஃபோல்டர், அதில் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு ஒரு ஃபோல்டர், அதில் மூலையில் சிலுவை, மேலே புறா, பின்னால் வெள்ளை மேகம். அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: 'நிறைவாழ்வு வாழ்ந்து இறைவனின் மாறாத அன்பில் இளைப்பாறுகிறார்.' என்றோ ஒரு நாள் நானே எழுதி வைத்தது. இளம் வயதுச் சாவு வந்தால் இதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவேன். ஆறுதல் வரிகள் ஐந்தாறு கைவசம் இருந்தன. அவற்றில் ஒன்றையாவது நம்பித்தான் எழுதினேனா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

என் தம்பி அளத்து வேலைக்குப் போகிறவன். உப்பளத்தை எங்கள் பக்கம் அளம் என்றுதான் சொல்வோம். பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் அவன் பொறுப்பில் இருந்தது. விடியுமுன் போனால் மத்தியானம் வேலை முடியும். வீட்டுக்குப் போகிற வழியில் கடைக்குள் நுழைவான். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெளுத்திருக்கும். கடை முதலாளி கூனிமேட்டு பாய். கழுவிவிட்ட தரையைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார், ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போடுவார்.

ஒரு நாள் நான் யாருக்கோ ஃப்ளெக்ஸ் செய்துகொண்டிருந்தபோது தம்பி கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, எனக்கு மட்டும் இந்த மேகத்த வெச்சிடாத. ஏதோ ஃப்ளைட்ல போற மாதிரி இருக்குது. நான் திண்டிவனத்துக்கே பஸ்ல நின்னுனு போறவன்."

மூன்று பேரும் சிரித்தோம். வாயைக் கழுவுடா என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. இருபத்தாறு வயதுப் பையன் சாவைப் பற்றிப் பேசினால் அது ஜோக்குதானே.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, தம்பி மோட்டாரை நிறுத்தப் போனான். ஒயர் வரப்பின் மேல் ஈரத்தில் கிடந்தது. காலில் மிதிபடக் கூடாதே என்று கையால் தூக்கி ஓரமாகப் போடப் பார்த்திருக்கிறான். ஒட்டுப் போட்ட இடத்தில் டேப் பிரிந்திருந்தது. கால் உப்புத் தண்ணீரில், கை கரண்ட்டில். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு வரப்பு தள்ளி என் அம்மா உப்புக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அந்த ஒயர் பிய்ந்து கிடக்கிறது என்று தம்பி அளத்துக்காரரிடம் மூன்று முறை சொல்லியிருந்தான். மூன்றாவது முறை அவர் ஒரு டேப் சுருளைத் தூக்கிக் கொடுத்து, இந்த சீசன் ஓட்டுப்பா என்றாராம். அதே மனிதர் மூன்றாம் நாள் ஆளுயர ரோஜா மாலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பியின் போட்டோவுக்கு மாலையைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் கடவுள் சித்தம்மா. நம்ம கையில என்னா இருக்குது?"

"ஒயர மாத்தறது உங்க கையிலதான இருந்துச்சு" என்றேன்.

அவர் காதில் விழாத மாதிரி நாற்காலியைத் தேடினார். பக்கத்திலிருந்த உறவுக்காரர்கள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். துக்க வீட்டில் எதற்குச் சண்டை என்றார்கள். துக்கம் என் வீட்டில், துக்கத்தைக் கொண்டுவந்தவர் என் எதிரில், வாயை மூட வேண்டியவள் மட்டும் நான். அதற்குப் பிறகு அவருக்கு எத்தனையோ தடவை போன் செய்தேன். முதலில் எடுக்கவில்லை, பிறகு சுவிட்ச் ஆஃப் என்று வந்தது.

ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றி எழுதினால் ஊர்ப்பகை வரும். வரட்டும். கடவுளுக்குப் பிடித்தவர்களை அவர் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார் என்றாள் எழுபது வயதைத் தாண்டிய ஒருத்தி. அப்படியானால் உன்னை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லையா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் காரணம் இல்லாமல் எதையும் செய்ய மாட்டார் என்றார் ஒருவர். என்ன காரணம் என்று கேட்டேன், அது நமக்குத் தெரியாது என்றார். தெரியாத காரணத்தைச் சொல்லத்தான் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்தாரா? ஒழுங்காக நடந்துகொண்டவர் பாய் ஒருவர்தான். வந்தார், அரை மணி நேரம் உட்கார்ந்தார், கொடுத்த டீயைக் குடித்தார், ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனார்.

இவர்கள் எல்லோர் மீதும் வந்த கோபம் கடைசியில் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தது. ஒயரை மாற்றாதது கடவுள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு நொடியில் கரண்ட்டைக் கட் செய்திருக்கலாமே. எங்கள் பக்கம் ஒரு நாளைக்கு எத்தனை முறை கரண்ட் போகும் தெரியுமா? பரீட்சைக்குப் படிக்கும்போது போகும், மிக்ஸியில் சட்னி பாதி அரைபடும்போது போகும். அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு மட்டும் போகாமல் கம்பி போல நின்றது. மின்சார ஆபீஸ் செய்கிற வேலையைக்கூடக் கடவுள் ஒரு நாள் செய்யவில்லை. அவருடன் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பேசுவதில்லை என்று நான் சொல்வதற்கு ஓர் அர்த்தம் உண்டு. எங்கள் மாதா கோயிலில் பத்தாம் வகுப்பு படித்த காலத்திலிருந்து நான்தான் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவள். மைக்கின் உயரம்கூட என் உயரத்துக்குத்தான் வைத்திருப்பார்கள். தம்பியை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு நான் அந்தப் படியை மிதிக்கவில்லை.

அம்மாவோ நேர் எதிர். அடக்கத்துக்கு மறுநாள் காலையிலிருந்தே ஆறு மணிப் பூசைக்குப் போக ஆரம்பித்தாள். அளத்துக்குப் போவதை விட்டுவிட்டாள், ஆனால் அளத்துக்கு எழுகிற அதே நேரத்துக்கு எழுந்து, குளித்து, முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். பூசை முடிந்தபின்னும் ஒரு மணி நேரம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வருவாள். வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். அடித்த கையையே போய் முத்தம் கொடுக்கிறாளே என்று எனக்கு அம்மாவின் மீதும் எரிச்சல். காலைக் காபியை அவள் முன்னால் சத்தம் வரும்படி வைப்பேன். அதை அவள் அப்படியே எடுத்துக் குடிப்பாள்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலை, கோயிலிலிருந்து வந்தவள் முக்காட்டைக்கூட எடுக்காமல் அடுப்பங்கரை வாசலில் நின்றாள்.

"பூசையில மன்றாட்டு படிக்கணுமே, நம்ம வூட்டு சார்பா யாருன்னு சாமியார் கேட்டாரு. நீதான்னு சொல்லிட்டேன்."

"நான் படிக்க மாட்டேன்."

"அவன் அக்கா நீ."

"அவர்கிட்ட நான் பேசறதில்ல."

"யாருகிட்ட?"

"உன் சாமிகிட்ட."

அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அவன் போயிட்டான். நீயும் அவர வுட்டுட்டினா நான் எந்த மூஞ்ச வெச்சுனு அங்க போய் உக்காருவேன்? எனக்கு இருக்கறது இந்த ஒரு எடந்தான். அதயும் பிடுங்கிடாத."

மூன்று பேர் இருந்த வீட்டில் இரண்டு பேர் மிச்சம். அந்த இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் உட்கார முடியாது என்றால் அது வீடே இல்லை. எனக்கு அது புரிந்தது. புரிந்தும் முடியாது என்றேன்.

முப்பதாம் நாளுக்கான ஃப்ளெக்ஸை நானேதான் செய்தேன். வேண்டாம்மா, வெளியில் குடுத்துக்கலாம் என்று பாய் சொல்லிப் பார்த்தார். ஊரில் உள்ள செத்தவர்களுக்கெல்லாம் செய்தவள் என் தம்பிக்குச் செய்ய மாட்டேனா என்று உட்கார்ந்துவிட்டேன். கடைசியாகச் செய்த கிறிஸ்தவ ஃபைலைத் திறந்தேன். எண்பத்தாறு வயதில் இறந்த ஓர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருடையது. போட்டோ, பெயர், தேதிகள் எல்லாம் மாற்றினேன். பிறகு மேகம். புறாவும் சிலுவையும் மேகமும் ஒரே படமாக ஒட்டிக்கொண்டிருந்தன. மேகத்தை மட்டும் அழிக்க வேண்டும் என்றால் நகத்தால் சுரண்டுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அழிக்க முடியும். ஒன்றரை மணி நேரம் அழித்தேன். கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது, துடைத்துக்கொண்டே அழித்தேன். அவன் தலைக்குப் பின்னால் ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல் வெறும் நீலமாக ஆனதும் மெயில் அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டரை நிறுத்தினேன்.

அச்சாகி வந்ததை நான் பிரித்துப் பார்க்கவில்லை. பாய் ஆள் வைத்து, கோயில் தெரு மெயின் ரோட்டில் சேரும் திருப்பத்தில், சவுக்குக் கழி நட்டுக் கட்டச் செய்தார். சனிக்கிழமை கட்டினார்கள். அந்தத் திருப்பம் வரும்போதெல்லாம் நான் பஸ்ஸில் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். எட்டடி உயரத்தில் அவன் சிரிப்பதைப் பார்க்கத் தெம்பில்லை.

புதன்கிழமை மத்தியானம் உப்பு லாரி ஒன்று ஆக்சில் உடைந்து நடுரோட்டில் நின்றுவிட்டது. எங்கள் பஸ் சரியாக அந்தத் திருப்பத்தில், ஃப்ளெக்ஸை ஒட்டியபடி நின்றது. எத்தனை நேரம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது. பார்த்தேன்.

மேகம் இல்லை. சிரித்த முகம். பெயர். வயது இருபத்தாறு. அடியில் சிவப்பு எழுத்தில், நிறைவாழ்வு வாழ்ந்து இறைவனின் மாறாத அன்பில் இளைப்பாறுகிறார்.

தலைமை ஆசிரியரின் வரி. மேகத்தின் பின்னாலேயே ஓடியதில் அதை மாற்ற மறந்துவிட்டேன்.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. முதலில் என் மேல். பதினோரு வருஷம் ஊரார் பிழையைத் திருத்தினவள், கூடப்பிறந்தவனின் ஃப்ளெக்ஸில் கோட்டை விட்டிருக்கிறேன். அடுத்து ஊரின் மேல். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஞாயிறு பூசைக்கு ஊரே அந்த வழியாகத்தான் போனது. அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள், செல்லில் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில்கூட வைத்திருக்கிறார்கள். ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. மனசு கஷ்டப்படுமே என்று விட்டிருப்பார்கள் என்று பின்னால் பாய் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். அடியில் ஏதோ ஆறுதல் எழுதியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் படிப்பதில்லை. பதினோரு வருஷமாக யாரும் படிக்காத ஆறுதலைத்தான் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயில் வளாகத்துக்குள் போனேன். சாமியார் வராந்தாவில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, என்னைவிட வயதில் சின்னவர்.

"ஃபாதர், ஏணி வேணும்."

"எதுக்கும்மா?"

"நீங்க அந்த ஃப்ளெக்ஸ படிச்சீங்களா?"

"எந்த ஃப்ளெக்ஸ்?"

"தினமும் அது கீழதான வண்டிய வுட்டுனு போறீங்க. படிச்சீங்களா, இல்லையா?"

அவர் எழுந்து வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார். படிப்பது தெரிந்தது, கடைசி வரிக்கு வந்ததும் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. நிறைவாழ்வா ஃபாதர் இது, இருபத்தாறு வயசுக்குப் பேர் நிறைவாழ்வா, மாறாத அன்பா, கரண்ட்ல கை வெச்சப்ப அந்த அன்பு எங்க போச்சு, ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொல்றீங்களே, இப்ப சொல்லுங்க என்று வராந்தாவே அதிரும்படி கேட்டேன். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் ஏதாவது பதில் சொல்லியிருந்தால் அவர் கையில் இருந்த பேனாவைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அவர் உள்ளே போய் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

நானே ஏறினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டப்பகலில் மெயின் ரோட்டில் ஏணி ஏறுகிற பெண்ணைப் பார்க்க, நின்றுபோன பஸ்ஸிலிருந்து எல்லாத் தலைகளும் வெளியே வந்தன. சாமியார் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கயிற்றை அவிழ்க்க அவிழ்க்க ஃப்ளெக்ஸ் என் மேலேயே சரிந்தது. தம்பியின் முகம் மடங்கிக் கீழே போனது. நான் கீழே இறங்கும்வரை சாமியார் ஏணியை விடவில்லை.

பழைய ஃப்ளெக்ஸ்கள் எங்கள் ஊரில் வீணாவதில்லை. மழை வந்தால் உப்புக் குவியல் கரைந்துவிடும் என்று அளங்களில் மேலே போட்டு மூடுவார்கள். புரட்டாசி மழையில் அந்தப் பக்கம் போனால், குவியல்களின் மேல் ஊரில் செத்தவர்களெல்லாம் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி படுத்திருப்பார்கள். தம்பியையும் அந்த அளத்துக்காரரின் உப்புக்குக் காவல் படுக்க வைக்க மாட்டேன். நாலாக மடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். எங்கே போவது என்று தெரியவில்லை. கோயில் கதவு திறந்திருந்தது, போனேன்.

மத்தியானம் இரண்டு மணி. உள்ளே யாரும் இல்லை. முதல் பெஞ்சில் ஃப்ளெக்ஸை வைத்துவிட்டு, வழக்கமாக வாசகம் வாசிக்கும் இடத்தில் போய் நின்றேன். அங்கே நின்றால்தான் எனக்குப் பேச வரும். மைக் இல்லாமல் ஆரம்பித்தேன்.

என்னவெல்லாம் சொன்னேன் என்று முழுதாக எழுத மாட்டேன். மரியாதையாக ஆரம்பித்து ஒருமைக்கு வந்து, அங்கிருந்தும் கீழே போனேன். உன் பிள்ளை சிலுவையில செத்தப்ப பூமியே அதிர்ந்ததுன்னு சொல்றாங்க, என் தம்பி செத்தப்ப ஒரு ஃபியூஸ்கூட போகலையே என்று கேட்டேன். அம்மா தினமும் வந்து உன் எதிரில் உட்கார்கிறாளே, அவள் முகத்தைப் பார்க்க உனக்குக் கூச்சமாக இல்லையா என்று கேட்டேன். தொண்டை கட்டுகிற வரை கத்தினேன். பிறகு அழுகை வந்தது. அழுகைக்கு நடுவிலும் ஞாபகம் வந்ததைச் சொல்லித் திட்டினேன்.

ஓய்ந்து உட்கார்ந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. இந்த ஒரு மாதத்தில் நான் யாரிடமெல்லாம் கோபப்பட்டேனோ அத்தனை பேரும் போய்விட்டார்கள். அளத்துக்காரர் போனை அணைத்தார். உறவுக்காரர்கள் வாயை மூடச் சொல்லிவிட்டு மூன்றாம் நாள் பஸ் ஏறினார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் நேரம் ஆகிவிட்டது என்று கிளம்பினார்கள். இங்கே மட்டும்தான் நான் ஒரு மணி நேரம் திட்டியும் யாரும் எழுந்து போகவில்லை. வாயை மூடு என்று சொல்லவில்லை. காரணம் சொல்லி என்னைச் சமாளிக்கவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்கப்பட்டது என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும் இல்லையா, அப்படித்தான் தெரிந்தது.

ஆறுதல் கிடைத்தது என்று எழுதக் கை கூசுகிறது. அந்தச் சொல்லை விற்றுப் பிழைத்தவள் நான். ஆனாலும் கிடைத்தது, அதை மறைப்பது பொய். கோபம் ஒரு துளியும் குறையவில்லை. கோபத்தோடு சேர்த்து என்னை யாரோ தாங்கிக்கொண்டிருந்தார்கள். எத்தனை திட்டினாலும் விட்டுப் போகாத ஒருவர்மேல்தான் இத்தனை கோபப்பட முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம், மன்றாட்டு நானே படிக்கிறேன் என்று சொன்னேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஃப்ளெக்ஸில் இருந்த தப்பைச் சொன்னேன், கேட்டுக்கொண்டாள். மடித்ததை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். என்ன படிக்கப் போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அன்று ராத்திரி நான் எழுதி வைத்தது அவள் எதிர்பார்க்கிற மாதிரி இல்லை. கேட்டால் உடைந்துபோவாள், ஊர் நடுவில் தலைகுனிந்துபோவாள் என்று நினைத்தேன். வழக்கமான மன்றாட்டு ஒன்றையும் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலைப் பூசை. கோயில் நிறைந்திருந்தது. நாலாவது வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அளத்துக்காரரும் உட்கார்ந்திருந்தார். பாய் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் ஓரத்தில் நின்றிருந்தார். பிரசங்கத்தில் சாமியார், எனக்கு இந்தச் சாவைப் பற்றி விளக்கம் ஒன்றும் தெரியாது என்று சொல்லி இரண்டு நிமிஷத்தில் முடித்துக்கொண்டார். ஃப்ளெக்ஸைப் படிக்காமல் போனதற்கு, அந்த நேர்மைக்காக அவரை மன்னித்தேன்.

எங்கள் கோயிலில் மன்றாட்டு என்றால், படிப்பவர் கடவுளிடம் ஒரு வேண்டுதலைப் படித்து, உம்மை மன்றாடுகிறோம் என்று முடிக்க வேண்டும். உடனே கூட்டம் முழுக்க, கேட்டருளும் என்று சேர்ந்து சொல்லும். சொன்னால் அது எல்லோருடைய வேண்டுதலும் ஆகிவிடும். மற்றவர்கள் திருச்சபைக்கும் நாட்டுக்கும் படித்துவிட்டுப் போனார்கள். கூட்டம் கொட்டாவிக்கு நடுவே பதில் சொன்னது. நான் எழுந்து போனேன். பையில் இரண்டு தாள் இருந்தன. அளத்துக்காரரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். எந்தத் தாள் என்று அப்போது முடிவானது.

"ஆண்டவரே, என் தம்பிக்கு இருபத்தாறு வயது. அவன் நிறைவாழ்வு வாழவில்லை. வாழ்ந்தான் என்று எழுதியது என் தவறு. மூன்று முறை சொல்லியும் அந்த ஒயரை மாற்றாதது மனிதனின் தவறு. அது உம்முடைய சித்தம் என்று யாரும் உம்மேல் பழி போட வேண்டாம். ஆனால் அந்த ஒரு நொடியில் நீர் ஏன் சும்மா இருந்தீர் என்று எனக்குத் தெரிய வேண்டும். உம்முடைய அன்பு மாறாதது என்றால் என் கேள்வியையும் அது தாங்க வேண்டும். நீர் பதில் சொல்லும்வரை நான் இங்கே வந்துகொண்டே இருப்பேன். உம்மை மன்றாடுகிறோம்."

யாரும் வாயைத் திறக்கவில்லை. அளத்துக்காரர் கீழே குனிந்து செல்லைத் தேடினார். இப்படி ஒரு வேண்டுதலுக்குச் சேர்ந்து பதில் சொல்லலாமா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்க்கப் பயந்து தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேட்டருளும்."

அம்மாவின் குரல். நாலு பாத்திக்கு அப்பால் நிற்கிறவளைக் கூப்பிடும் அளத்துக் குரல். நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசையில் அவள் மட்டும் எழுந்து நின்றிருந்தாள். பிறகு பின்னாலிருந்து ஒருவர், இன்னொருவர், அதற்குப் பிறகு கோயில் முழுக்க அந்தச் சொல்லைச் சொன்னது.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அம்மா என் முழங்காலைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் பார்வை பீடத்தின் மேலேயே இருந்தது. என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"முப்பது நாளா நானும் அதயேதான் கேட்டுனு இருக்கேன். இன்னும் வாயத் தொறக்கல. நாளைக்கி ஆறு மணிக்கு நீயும் வா, ரெண்டு பேருமா கேப்போம்."